ஜிம்ப் 3 வந்த பிறகு பேனல்கள் வைத்த இடத்தில் நிற்பதில்லை: இரண்டு திரை வைத்திருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

குடியாத்தம் லேபிள் எழுதியது:

வணக்கம். குடியாத்தத்தில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை செய்கிறேன். வடிவமைப்புக்கு அங்கே நான் ஒருத்திதான். கைலி லேபிள், தீப்பெட்டி லேபிள், பீடிக்கட்டு சுற்றும் தாள், கல்யாணப் பத்திரிகை; சித்திரை பிறந்துவிட்டால் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நோட்டீஸ்கள். படம் திருத்துவது ஜிம்ப்பில், கோட்டு வேலை இங்க்ஸ்கேப்பில். கணினியில் இருப்பது டெபியன் லினக்ஸ், மேசைச்சூழல் ஜினோம்.

மேசையில் இரண்டு திரைகள். இடப்பக்கம் பழைய 17 அங்குலச் சதுரத் திரை. வலப்பக்கம் 24 அங்குல அகலத் திரை. சதுரத் திரையில் பேனல்கள் மட்டும் இருக்கும்: இடது ஓரமாக டூல்பாக்ஸ், அதை ஒட்டி மேலிருந்து கீழ்வரை லேயர் பேனல், மிச்ச இடத்தில் நேவிகேஷனும் வண்ணமும். அகலத் திரையில் படத்தைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது.

ஏன் இப்படி என்று கேட்பீர்கள். ஒரு கைலி லேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டகம் ஒன்றுதான், பொன்னிறக் கரை ஒன்றுதான், நடுவில் மயிலும் ஒன்றுதான். ஆனால் நூல் எண் 60, 80, 100 என்று மாறும். மொத்த வியாபாரியின் பெயர் ஊருக்கு ஊர் மாறும். அத்தனையும் ஒரே கோப்பில் தனித்தனி லேயர்களாக இருக்கின்றன. லேயர் பேனல் குட்டையாக இருந்தால் 80க்குப் பதில் 100 அச்சுக்குப் போய்விடும். நஷ்டம் ஒரு ரீம் தாளோடு நிற்காது. இன்னொன்று, பழைய அச்சு லேபிளைக் கையில் பிடித்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் சிவப்பை ஒப்பிடுகிறேன். அந்த நேரத்தில் படத்தின் மேல் ஒரு பேனல் மிதந்துகொண்டிருந்தால் வேலையே ஓடாது.

டெபியன் 12இல் ஜிம்ப் 2.10 இருந்தவரை இதெல்லாம் ஒழுங்காக நடந்தது. காலையில் திறந்தால் முந்திய நாள் மாலை எங்கே விட்டேனோ அங்கேயே எல்லாம் வந்து நிற்கும். டெபியன் 13க்கு மாற்றினோம். அதோடு ஜிம்ப் 3 வந்தது. படம் திருத்தும் வசதிகளில் குறையே இல்லை. லேயரைக் கெடுக்காமல் ஃபில்டர் போட முடிவது எனக்குப் பெரிய வரம். சாளரங்கள்தான் பிடிவாதம் பிடிக்கின்றன.

ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பேனல்கள் தங்களுக்குத் தோன்றிய இடத்தில் முளைக்கின்றன, பெரும்பாலும் படத்தின் நடுவில். ஒவ்வொன்றாக இழுத்துப் போய் இடத்திரையில் வைத்து, அகலம் சரிசெய்து, பிறகுதான் வேலையைத் தொடங்க முடிகிறது. படத்தைச் சொடுக்கினால் அகலத் திரைக்கு நான் கொண்டுவந்த ஏதாவது ஒரு பேனல் படத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. டேப் விசையைத் தெரியாமல் தொட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்பது தெரியும், இது அதுவல்ல.

அடுத்தது மின்தடை. சி.பி.யூ.வும் சதுரத் திரையும் யூ.பி.எஸ்.ஸில் இருக்கின்றன. அகலத் திரை பிறகு வாங்கியது, சுவர் பிளக்கில் இருக்கிறது. மின்சாரம் ஒரு நொடி கண் சிமிட்டினாலும் போதும், அகலத் திரையில் இருந்த படச் சாளரங்கள் எல்லாம் சதுரத் திரைக்குள் வந்து பேனல்களின் மேல் குவிந்துவிடுகின்றன. திரை மறுபடி எரிந்த பிறகும் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. அளவும் மாறிவிடுகிறது.

தயவுசெய்து "ஒற்றைச் சாளர முறைக்கு மாறிவிடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது ஒரே திரை இருப்பவர்களுக்கு நல்ல ஏற்பாடு. எனக்கு இருக்கும் இடம் இரண்டு திரைகளில் பிரிந்திருக்கிறது. நான் ஒன்றை ஓரிடத்தில் வைத்தால் நானே எடுக்கும்வரை அது அங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

காட்பாடி மாணவன் எழுதியது:

அக்கா, நீங்கள் வேண்டாம் என்றதையே சொல்கிறேன் என்று கோபப்பட வேண்டாம். ஒற்றைச் சாளர முறையிலும் பேனல்களைப் பிரித்து வெளியே எடுக்க முடியும். பேனலின் தலைப்புத் தாவலைப் பிடித்துச் சாளரத்துக்கு வெளியே இழுத்துவிட்டால் அது தனியாக வந்துவிடும். படம் மட்டும் பெரிய சாளரத்தில், லேயர் பேனல் தனியாக இடத்திரையில் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டு பேனல்களைத்தான் இழுக்க வேண்டியிருக்கும். 2012இல் 2.8 பதிப்பில் இந்த முறை வந்தது, 2018இல் 2.10இலிருந்து அதுவே இயல்புநிலை. இப்போது எல்லாரும் அதில்தான் இருக்கிறார்கள்.

குடியாத்தம் லேபிள் எழுதியது:

கோபமெல்லாம் இல்லை தம்பி. அதையும் செய்து பார்த்தேன். வெளியே எடுத்த பேனலும் மறுநாள் அதே போல இடம் மாறித்தான் வருகிறது. இழுக்க வேண்டியவை குறையும், இழுப்பது ஓயாது. தவிர, நான் ஒரே நேரத்தில் பழைய லேபிளின் ஸ்கேனையும் புதிய லேபிளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒற்றைச் சாளரத்தில் அவை தாவல்களாக ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்கும். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்காமல் கரையின் தடிமனை எப்படி ஒப்பிடுவது?

சத்துவாச்சாரி லினக்ஸ் எழுதியது:

சகோதரி, உங்கள் அமைப்பில் தவறு எதுவும் இல்லை. காரணம் அடியில் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால் தீர்வும் தானே விளங்கும்.

லினக்ஸில் நெடுங்காலமாகத் திரையை ஆண்டது எக்ஸ்11. 1987இல் வந்தது. அதில் ஒரு மென்பொருள் "என் சாளரத்தைத் திரையின் இந்தப் புள்ளியில் வை" என்று கேட்கலாம். பெரும்பாலும் கேட்டபடி கிடைக்கும். ஜிம்ப் மூடும்போது ஒவ்வொரு பேனலின் இடத்தையும் செஷன்ஆர்சி என்ற கோப்பில் எழுதி வைத்து, திறக்கும்போது அதைப் படித்து, அந்த இடங்களைக் கேட்டு வாங்கும்.

அதற்கு மாற்றாக வந்தது வேலண்ட். இதில் மென்பொருளுக்குத் தன் சாளரம் திரையில் எங்கே இருக்கிறது என்பதே சொல்லப்படுவதில்லை. இடம் கேட்கவும் வழி இல்லை. எங்கே வைப்பது என்பதை ஜினோம் போன்ற மேசைச்சூழல்தான் முடிவு செய்கிறது. "எப்போதும் மேலே இரு" என்று ஒரு மென்பொருள் தன் பேனலுக்குக் கேட்பதற்கும் வழி இல்லை. இது கவனக்குறைவு அல்ல, தெரிந்தே எடுத்த முடிவு. ஒரு மென்பொருள் இன்னொன்றின் மேல் போலிச் சாளரத்தை வைத்துக் கடவுச்சொல்லைத் திருடக் கூடாது என்பது போன்ற அச்சங்கள் அதில் உண்டு. ஆனால் பல சாளரங்களை வைத்து வேலை செய்பவர்கள் அதற்கு விலை கொடுக்கிறார்கள். சாளரங்களின் இடத்தை நினைவில் வைத்துத் திருப்பித் தருவதற்கான நெறிமுறை பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது.

அப்படியானால் டெபியன் 12இல் எப்படி வேலை செய்தது? அதிலும் வேலண்ட்தான் இயல்புநிலை. ஆனால் ஜிம்ப் 2.10 கட்டப்பட்டது ஜிடிகே 2 (GTK, சாளரம், பொத்தான்களை வரையும் நிரல் தொகுப்பு) மேல். அதற்கு வேலண்டோடு நேரடியாகப் பேசத் தெரியாது. ஆகவே எக்ஸ்வேலண்ட் என்ற இடைத்தரகர் வழியாக, பழைய எக்ஸ்11 முறையிலேயே ஓடியது. இடம் கேட்டது, கிடைத்தது. 2025 மார்ச்சில் வந்த ஜிம்ப் 3 ஜிடிகே 3க்கு மாறிவிட்டது. அது வேலண்டோடு நேரடியாகப் பேசுகிறது, அதனாலேயே இடம் கேட்கும் வாய்ப்பை இழந்துவிட்டது. இங்க்ஸ்கேப் 1 வரிசையும் ஜிடிகே 3தான், அதற்கும் இதே கதி.

தீர்வு இரண்டு. சுலபமானது: உள்நுழையும்போது பெயரைத் தேர்ந்தெடுத்த பிறகு, கடவுச்சொல் கேட்கும் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு பற்சக்கரம் தெரியும். அதில் ஜினோம் ஆன் எக்ஸ்ஆர்க் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மொத்த மேசையும் பழைய முறைக்குப் போய்விடும். டெபியன் 13 இருக்கும்வரை இது கிடைக்கும். ஆனால் ஜினோம் 49இலிருந்தே எக்ஸ்11 அமர்வை இயல்பாக அணைத்துவிட்டார்கள்; அடுத்த டெபியனில் இதை நம்ப முடியாது.

நான் பரிந்துரைப்பது மற்றது. ஜிம்ப்பையும் இங்க்ஸ்கேப்பையும் மட்டும் எக்ஸ்வேலண்ட் வழியாக ஓட்டுங்கள். ஜிடிகே பேக்எண்ட் (GDK_BACKEND; நடு எழுத்து T அல்ல, D) என்ற சூழல் மாறிக்கு, அதாவது மென்பொருள் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக்கு, எக்ஸ்11 என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும். மாறியின் பெயர் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்து, இரு சொற்களுக்கும் நடுவே அடிக்கோடு. மதிப்பில் வரும் எக்ஸ் சிறிய எழுத்து. நடுவில் சமக்குறி, இடைவெளி கூடாது. முதலில் டெர்மினலில் இதை முன்னால் எழுதி, ஓர் இடைவெளி விட்டு ஜிம்ப் என்று அடித்துப் பாருங்கள். சரியாக வந்தால் மெனுவில் உள்ள ஜிம்ப்பின் துவக்கக் கோப்பை உங்கள் வீட்டு அடைவுக்கு நகலெடுத்து, அதில் எக்ஸெக் என்று தொடங்கும் வரியில் 'என்வ்' என்ற கட்டளையோடு இதைச் சேர்த்துவிடலாம். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். அடுத்த மேம்படுத்தலில் அழிந்துவிடும். இரண்டு திரைகளையும் 100 சதவீத அளவில் வைத்திருந்தால் எழுத்து மங்காது. 125, 150 என்று வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்வேலண்ட் சாளரங்கள் சற்று மங்கலாகத் தெரியலாம்.

பிறகு ஜிம்ப்பில் எடிட், பிரிஃபரன்சஸ், இன்டர்ஃபேஸ், விண்டோ மேனேஜ்மென்ட் என்று போங்கள். மூடும்போது இடங்களைச் சேமி என்ற குறியை எடுத்துவிடுங்கள். எல்லாப் பேனல்களையும் உங்கள் விருப்பப்படி வைத்த பிறகு, இப்போதே சேமி என்ற பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். இதற்குப் பிறகு ஒரு நாள் எல்லாம் கலைந்த நிலையில் மூடினாலும் அந்தக் கலைசல் சேமிக்கப்படாது. அதே பக்கத்தில் டூல்பாக்ஸுக்கும் டாக்குகளுக்கும் (பேனல்கள் நிற்கும் சாளரங்கள்) சேர்த்து 'கீப் அபவ்' என்ற ஒரே தேர்வு இருக்கிறது. அதை வைத்தால் பின்னால் ஒளிவதும் நிற்கும்.

மின்தடைக்கு வருகிறேன். அகலத் திரை எந்தக் கேபிளில் இருக்கிறது?

குடியாத்தம் லேபிள் எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி ஐயா. அகலத் திரை டிஸ்ப்ளேபோர்ட்டில், சதுரத் திரை பழைய வி.ஜி.ஏ.வில்.

சத்துவாச்சாரி லினக்ஸ் எழுதியது:

அதுதான். டிஸ்ப்ளேபோர்ட்டில் திரைக்கு மின்சாரம் போனால் கணினி அதைக் கேபிளைப் பிடுங்கியதாகவே எடுத்துக்கொள்ளும். திரை இல்லை என்றால் அதில் இருந்த சாளரங்களை இருக்கும் திரைக்குள் தள்ளுவதைத் தவிர அதற்கு வழி இல்லை. வி.ஜி.ஏ.வில் பெரும்பாலும் அப்படி ஆகாது. எச்.டி.எம்.ஐ.யிலும் பல திரைகள் அணைந்திருந்தாலும் இணைப்பில் இருப்பதாகவே காட்டும். கேபிளை மாற்றிப் பாருங்கள். அதைவிட நல்லது, அகலத் திரையையும் யூ.பி.எஸ்.ஸில் சேர்த்துவிடுவது. 24 அங்குல எல்.இ.டி. திரை 20, 30 வாட்டுக்குள்தான் இழுக்கும். உங்கள் யூ.பி.எஸ். தாங்கும். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் சொருகிவிடாதீர்கள்.

ஆம்பூர் பேட்டர்ன் எழுதியது:

நான் காலணி மேற்பகுதிக்கு பேட்டர்ன் வெட்டும் பிரிவில் இருக்கிறேன். எங்களுடையது விண்டோஸ் 11, மென்பொருளும் வேறு. ஆனாலும் படிக்கப் படிக்க என் மேசையையே எழுதியிருப்பது போல் இருந்தது அக்கா. எங்களிடம் கூடுதலாக ஒரு வேதனை உண்டு. மடிக்கணினியைப் பெரிய திரையிலிருந்து கழற்றி வெட்டும் மேசைக்குக் கொண்டுபோவேன். அங்கே சைஸ் மாற்றும் பெட்டியைத் திறந்தால் அது திரைக்கு வெளியே, இல்லாத பெரிய திரையில் திறக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதை மூடும்வரை பிரதான சாளரம் எதையும் ஏற்காது. சொடுக்கினால் டிங் என்ற சத்தம் மட்டும். 37ஆம் சைஸிலிருந்து 42 வரை கிரேடிங் (ஒரே பேட்டர்னைச் சைஸ்வாரியாக மாற்றுவது) பாதியில் நிற்கும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டால் அழுகை வருகிறது.

விண்டோஸில் இருப்பவர்களுக்காக நான் கண்டதை எழுதிவைக்கிறேன். சாளரம் காணாமல் போனால் ஆல்ட்டும் ஸ்பேஸ் விசையும் அழுத்தி, பிறகு எம் அழுத்தி, ஏதாவது ஓர் அம்பு விசையை ஒரு தரம் தட்டிவிட்டு மவுஸை அசைத்தால் அது கையோடு ஒட்டிக்கொண்டு வரும். விண்டோஸ் விசை, ஷிப்ட், இட அல்லது வல அம்பு சேர்த்து அழுத்தினால் சாளரம் அடுத்த திரைக்குத் தாவும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் பகுதியில் திரை இணைப்பைப் பொறுத்துச் சாளர இடங்களை நினைவில் வைக்கும் குறி ஒன்று இருக்கிறது, அதைப் போட்டு வையுங்கள். சாதாரணச் சாளரங்களுக்கு அது உதவுகிறது. எங்கள் மென்பொருளின் சிறு பெட்டிகளுக்கு உதவவில்லை. அதைச் செய்தவர்கள்தான் திறக்கும்போது அந்தத் திரை இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

வாலாஜா அச்சகம் எழுதியது:

அம்மா, நான் கணினிக்கு வயதான பிறகு வந்தவன். அதற்கு முன் வாலாஜாபேட்டையில் லெட்டர்பிரஸில் கம்பாசிட்டர், அதாவது அச்சு கோப்பவன். நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது: நான் எடுக்கும்வரை அது அங்கே இருக்க வேண்டும் என்றது.

அச்செழுத்துப் பெட்டியில் ககரத்துக்கு ஓர் அறை, கொம்புக்கு ஓர் அறை, புள்ளி வைத்த எழுத்துகளுக்குத் தனித்தனி அறைகள். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், கை பெட்டிக்குப் போய் எழுத்தை எடுத்து வரும். எழுத்தைப் பார்த்து எடுப்பவன் அன்றைய கூலிக்கு வேலை முடிக்க முடியாது. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணை, லை, னை எல்லாம் புது வடிவம் பெற்றபோது, பழைய கூட்டெழுத்துகளின் அறைகள் காலியாயின. மூத்தவர்கள் கை வெகுநாள் அந்தக் காலி அறைக்கே போய்க்கொண்டிருந்ததை நான் பையனாக நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் அது ஒரே ஒரு தரம் மாறியது, மாறியபின் நிலைத்தது. தினமும் காலையில் பெட்டியைக் குலுக்கி வைத்தால் எந்தக் கம்பாசிட்டர் நிற்பான்?

மென்பொருள் செய்பவர்கள் அழகைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். கை பழகிய இடத்தைப் பற்றியும் பேச வேண்டும். நீங்கள் கேட்டது சலுகை அல்ல.

ஆரணி கே.டி.இ. எழுதியது:

சத்துவாச்சாரி நண்பர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வேலண்டை விடாமலே இதைச் சாதிக்கலாம், ஜினோமை விட்டுக் கே.டி.இ. பிளாஸ்மாவுக்கு வந்தால். சாளரம் எங்கே நிற்பது என்பதை மேசைச்சூழல்தான் முடிவு செய்கிறது என்றாரே, அந்த முடிவை நம் கையில் கொடுப்பதுதான் கே.டி.இ.யின் விண்டோ ரூல்ஸ். எந்தச் சாளரம் எந்தத் திரையில், எந்தப் புள்ளியில், எந்த அளவில், மற்றவற்றுக்கு மேலேயா என்று விதி எழுதலாம். மென்பொருள் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. டெபியன் 13இல் பிளாஸ்மா 6.3 இருக்கிறது, ஜினோமுக்குப் பக்கத்திலேயே நிறுவலாம். ஆரணிப் பட்டுக்கு ஜரிகைக் கரை வரைபவர்கள் இரண்டு பேருக்கு அமைத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு கவனம்: விதிகள் சாளரத்தின் தலைப்பை வைத்துத்தான் ஜிம்ப்பின் பேனல்களைப் பிரித்தறிய முடியும். ஒரே பேனலில் பல தாவல்களை அடுக்கினால் தலைப்பு குழம்பும். லேயருக்குத் தனிப் பேனல், நேவிகேஷனுக்குத் தனிப் பேனல் என்று வையுங்கள்.

குடியாத்தம் லேபிள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சூழல் மாறி போட்டு ஜிம்ப்பை ஓட்டினேன். பேனல்கள் சதுரத் திரையில், வைத்த இடத்தில், வைத்த அகலத்தில் வந்து நின்றன. 'இப்போதே சேமி' அழுத்தியாயிற்று, மூடும்போது சேமிக்கும் குறியையும் எடுத்துவிட்டேன். இது எனக்கு இத்தனை வருடம் தெரியாமல் போனது பெரிய இழப்பு. வேலையின் நடுவில் எதை எங்கே தள்ளினாலும் காலையில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. துவக்கக் கோப்பிலும் சேர்த்துவிட்டேன். 'கீப் அபவ்' தேர்வையும் வைத்தேன்.

அகலத் திரை யூ.பி.எஸ்.ஸுக்கு மாறிவிட்டது. முதலாளி முதலில் தயங்கினார். மயில் லேபிள் பாதியில் கலைந்து கிடந்ததை நேரில் பார்த்ததும் தானே மல்ட்டி பிளக் வாங்கி வந்தார்.

இங்க்ஸ்கேப் பாதிதான் சரியாயிற்று. பிரித்து வைத்த நிரப்பு, கோடு பேனல் சரியான திரைக்கு வருகிறது, ஆனால் உயரம் சில சமயம் மாறுகிறது. அதை ஓரத்திலேயே ஒட்டவைத்து வேலை செய்கிறேன். கோட்டு வேலைக்கு அது இடைஞ்சல் இல்லை. ஆரணி நண்பரே, அடுத்த டெபியன் வரும்போது கே.டி.இ.க்கு வருவதாகவே இருக்கிறேன். உங்கள் விதிகளை அப்படியே ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து இங்கே இணைத்தால் என்னைப் போன்ற பலருக்கு உதவும்.

வாலாஜா ஐயா, பெட்டியின் அறைகள் எந்த வரிசையில் இருந்தன என்று நேரம் கிடைக்கும்போது வரைந்து போடுங்கள். எங்கள் அச்சகத்தின் மாடியில் பழைய பெட்டி ஒன்று எழுத்தில்லாமல் கிடக்கிறது, எந்த அறை எதற்கு என்று சொல்ல இங்கே யாரும் இல்லை.

ஆரணி கே.டி.இ. எழுதியது:

விதிக் கோப்பு இணைத்திருக்கிறேன். திரைகளின் அளவு உங்களுடையதிலிருந்து மாறுபடும். இடப்பக்கத் திரை 1280க்கு 1024 என்றால் லேயர் பேனலின் உயரத்தை 980க்கு மேல் வைக்காதீர்கள், தலைப்புப் பட்டைக்கு இடம் வேண்டும்.